கேவ் பாயிண்ட்டுக்கு இலையுதிர் காலத்தில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அக்டோபர் நெருங்கினால் சிகாகோ, மில்வாக்கி பக்கம் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "ஃபால் கலர் பார்க்க எங்கே போகலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். விஸ்கான்சினின் டோர் கவுண்டி என்று நான்கு பேராவது பதில் போடுவார்கள். கூடவே, பச்சைநீல நீருக்கு மேல் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு படமும் வரும். அதுதான் கேவ் பாயிண்ட். மிச்சிகன் ஏரிக்கரையில், ஜாக்சன்போர்ட்டுக்குத் தெற்கே இருக்கும் 19 ஏக்கர் கவுண்டி பார்க். நுழைவுக் கட்டணம் கிடையாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போய், இருபது நிமிடம் நின்றுவிட்டு "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறவர்கள் உண்டு. பாறை விளிம்பில் நின்று உயிரோடு விளையாடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எல்லோரும் இலையை நினைத்துக்கொண்டு போகிறார்கள், ஏரியை நினைப்பதில்லை.

முதலில் இலை விஷயத்தை முடித்துவிடலாம். கேவ் பாயிண்ட்டில் சிவப்பும் ஆரஞ்சுமாகக் காடு எரியும் என்று எதிர்பார்ப்பது தவறு. அங்கே பாறையைப் பற்றிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் வெள்ளை சீடர் மரங்கள், வருடம் முழுக்கப் பச்சை. இடையிடையே பிர்ச் மரங்கள் மஞ்சளாகும், அவ்வளவுதான். சிவப்பும் ஆரஞ்சும் மேப்பிள் காடுகளில் இருக்கின்றன. டோர் கவுண்டி, மிச்சிகன் ஏரிக்கும் கிரீன் பே விரிகுடாவுக்கும் நடுவே நீளும் ஒரு தீபகற்பம். மேப்பிளுக்கு அதன் மறுபக்கம், ஃபிஷ் கிரீக் ஊரை ஒட்டிய பெனின்சுலா ஸ்டேட் பார்க் போக வேண்டும். 2021-ல் புதிதாகக் கட்டித் திறந்த ஈகிள் டவர் என்ற காட்சிக் கோபுரம் அங்கேதான் இருக்கிறது. படி ஏற முடியாத தாத்தா பாட்டியும், ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தையும்கூட மேலே போகும்படி மரங்களுக்கு நடுவே சாய்வுப் பாதை போட்டிருக்கிறார்கள். கேவ் பாயிண்ட்டைக் காலையிலும் மேப்பிள் காட்டைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

செப்டம்பர் கடைசியில் கிளம்பிப் போய் எல்லாம் பச்சையாக இருக்கிறதே என்று வருந்துவதும் வழக்கமாக நடப்பதுதான். விஸ்கான்சினின் வட உட்பகுதி அப்போதே சிவந்திருக்கும். டோர் கவுண்டியிலோ, கோடை வெப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஏரி குளிரைத் தள்ளிப்போடுகிறது. அதனால் அங்கே வண்ணம் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் உச்சத்துக்கு வரும். மாநிலச் சுற்றுலாத் துறையின் டிராவல் விஸ்கான்சின் தளம் கவுண்டி வாரியாக வண்ண நிலவரம் போடுகிறது. விடுதி பதிவு செய்யும் முன் அதை ஒருமுறை பாருங்கள்.

சரி, இனி ஏரி.

மிச்சிகன் ஏரி தெற்கு வடக்காக 494 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. கேவ் பாயிண்ட் தீபகற்பத்தின் கிழக்கு விளிம்பில் இருப்பதால், கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று அடித்தால் அது வெட்டவெளி நீரின் மேல் நெடுந்தூரம் ஓடி, அலையைத் திரட்டிக் கொண்டுவந்து பாறையில் மோதவிடும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அதே இடம் குளம்போலக் கிடக்கும். "படத்தில் பார்த்த அலை எங்கே?" என்று கேட்பவர்கள் மேற்குக் காற்று நாளில் போனவர்கள். தேசிய வானிலை சேவையின் கிரீன் பே நகர அலுவலகம் கரையோர நீருக்கென்று தனி முன்னறிவிப்பு தருகிறது. காற்றின் திசையும் அலையின் உயரமும் அதில் இருக்கும். மழை வருமா என்று மட்டும் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புவது இந்த இடத்துக்குப் போதாது.

அந்தப் பாறையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். டோலமைட் என்ற சுண்ணாம்புப் பாறை வகை அது. 40 கோடிக்கும் அதிகமான ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத கடலின் அடியில் படிந்து உருவானது. நயாகரா அருவி விழுகிற பாறைத்தொடரின் இன்னொரு முனைதான் இது. அடுக்கடுக்காக, பலகையைப் படுக்கவைத்தது போல இருக்கும். அலை கீழ் அடுக்குகளைக் குடைந்து எடுத்துவிட்டது, மேல் அடுக்கு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதாவது, படம் எடுக்க நீங்கள் போய் நிற்கும் விளிம்புக்குக் கீழே பல இடங்களில் பாறையே இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. பெரிய அலை குகைக்குள் புகும்போது அதிர்வை ஷூவுக்குள் உணரலாம். அடுத்த நொடி சாரல் விளிம்பைத் தாண்டி மேலே வரும். நனைந்த பாறை மேல் சீடர் இலைத் துணுக்குகளும் உதிர்ந்த பிர்ச் இலைகளும் ஒட்டிக் கிடக்கும்போது, எவ்வளவு நல்ல ஷூ போட்டிருந்தாலும் வழுக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வண்டியை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பத்து சிறிய அலை வந்தால் பதினொன்றாவதும் சிறியதாகத்தான் இருக்கும் என்று நம்பக் கூடாது. அப்புறம், யூடியூபில் யாரோ குதித்தார்கள் என்று குதிக்கவே கூடாது. அக்டோபரில் நீரின் வெப்பம் பெரும்பாலும் 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட்தான். திடீரென்று அந்தக் குளிரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுக்கும்போது தலை நீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதைச் சமாளித்தாலும் கை கால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம். பாறை செங்குத்து, பிடித்து ஏற வழி கிடையாது, லைஃப்கார்டும் கிடையாது. நீச்சல் குளத்தில் பத்து சுற்று அடிப்பவர் என்ற தைரியம் இங்கே உதவாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கக்கூடிய எதையாவது, காலி கூலர் பெட்டியாக இருந்தாலும், தூக்கிப் போடுங்கள். மல்லாந்து மிதக்கச் சொல்லிக் கத்துங்கள், அவசர உதவிக்கு 911 அழையுங்கள்.

பழைய படங்களை நம்பிப் போவதும் கூடாது. இந்த ஏரியின் நீர்மட்டம் நிலையாக இருப்பதில்லை. 2013 ஜனவரியில் வரலாறு காணாத அளவுக்குக் கீழே இறங்கியது. 2020-ல் மாதத்துக்கு மாதம் உச்சப் பதிவுகளை உடைத்தது. ஒரு வருடம் மக்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பாறைத்திட்டு இன்னொரு வருடம் தண்ணீருக்குள் இருக்கும். நண்பர் அனுப்பிய படத்தில் உள்ள இடத்தைத் தேடிக் கீழே இறங்க முயலாமல், மேலே இருக்கும் பாதையிலேயே நடந்து பாருங்கள். காட்சிக்குக் குறைவே இல்லை.

நேரமும் முக்கியம். சூரிய அஸ்தமனம் பார்க்க இங்கே மாலையில் வந்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கரை கிழக்கு நோக்கியது. அக்டோபர் நடுவில் காலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் ஏரிக்குள்ளிருந்து எழுந்து பாறை முகத்தில் நேராக அடிக்கும். பிற்பகலில் அதே முகம் நிழலில் கறுத்துவிடும். அஸ்தமனம் வேண்டுமென்றால் தீபகற்பத்தின் மேற்கே, கிரீன் பே விரிகுடாக் கரைக்குப் போங்கள். காலையில் வருவதால் இன்னொரு லாபம், பார்க்கிங். கேவ் பாயிண்ட்டின் பார்க்கிங் சிறியது, அக்டோபர் வீக்கெண்டில் சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் ரோட்டோரம் செருகாமல், ஒட்டியே இருக்கும் வைட்ஃபிஷ் டூன்ஸ் ஸ்டேட் பார்க்கில் நிறுத்திவிட்டு, காட்டுப் பாதை வழியாக நடந்து வரலாம். அங்கே வண்டிக்கு நுழைவு ஸ்டிக்கர் வாங்க வேண்டும். கவுண்டி பார்க் இலவசம் என்பதால் அதுவும் இலவசம் என்று நினைக்காதீர்கள். அதே ஸ்டிக்கர் பெனின்சுலா பார்க்குக்கும் செல்லும் என்பதால் காசு வீண் இல்லை. மணல்மேட்டில் மட்டும் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிச்சிகன் உள்ளிட்ட 'கிரேட் லேக்ஸ்' ஏரிகளின் கரையைத் தவிர வேறெங்கும் வளராத பிட்சர்ஸ் திசில் என்ற அரிய செடி அங்கே இருக்கிறது.

குழந்தைகள் இலை பொறுக்குவார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி இலையுதிர் காலத்தில் அழகான சிவப்பாக மாறும். ஒரே காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம், சில நேரம் வெள்ளைக் காய்களும் இருக்கும். தரையிலும் படரும், மரத்திலும் ஏறும். காய்ந்த இலையில்கூட அதன் நச்சு எண்ணெய் இருக்கும், பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதனால் மேப்பிள், பிர்ச் என்று அடையாளம் தெரிந்த தனி இலைகளை மட்டும் எடுக்கவிடுங்கள். உண்ணிகளும் அக்டோபர், நவம்பரில் சுறுசுறுப்பாகவே இருக்கும். விடுதிக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, காதோரம் பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால், ஏரிக்காற்று நேராக அடிக்கும் விளிம்பில் அல்லாமல் மரங்களுக்கு உள்ளே தள்ளி உட்காருங்கள். டோர் கவுண்டியின் பேர்போன செர்ரி ஜூலையில் பறிப்பது. அக்டோபரில் மரத்தில் தேடினால் கிடைக்காது, செர்ரி ஜாமும், செர்ரி வைத்துச் சுட்ட பை (pie) பலகாரமும் கிடைக்கும். புதிதாக வேண்டுமென்றால் ஆப்பிள் இருக்கிறது.

நவம்பரில் கூட்டம் இருக்காது என்று அப்போது போகத் திட்டமிட்டால், மான் வேட்டைக் காலத்தையும் கணக்கில் வையுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை நடக்கும். ஸ்டேட் பார்க் பாதைகளில் நடப்பதாக இருந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு உடை அவசியம். மான்கள் இணை தேடி ஓடுவதும் அந்த மாதத்தில்தான். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு நாலரை மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஊர் திரும்பும்போது 57-ஆம் நெடுஞ்சாலையில் இருட்டில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு மான் சாலையைக் கடந்தால் அதோடு முடிந்தது என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும்.