பிள்ளைக்கு வீட்டிலேயே முடி வெட்டுவது: பாதியில் எழுந்து ஓடினாலும் சமாளிக்கும் வரிசை

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை முடிவெட்டு முடியும்வரை ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதனால் எந்த நிமிடத்தில் எழுந்து ஓடினாலும் தலை அரைகுறையாகத் தெரியாத வரிசையில் வெட்ட வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதி, பிள்ளை தலையைத் திருப்பினால் உங்கள் கையும் கூடவே திரும்புவது. கை நேர்த்தி, ஸ்டைல் எல்லாம் அப்புறம் தானாக வரும்.

நான் வெட்டும் வரிசை இது: முதலில் நெற்றி முடி, பிறகு காது ஓரம், பிறகு பிடரி, கடைசியாக உச்சி. கண்ணில் விழும் முடி போய்விட்டால் அன்றைய அவசரம் தீர்ந்தது. உச்சியை நாளைக்கு வெட்டினாலும் யாருக்கும் தெரியாது.

கத்தரியா, மெஷினா?

முதல் தடவைக்கு என் வோட்டு கத்தரிக்குத்தான். பிளாஸ்டிக் சீப்பு மாட்டிய மெஷினில் தோல் கீறுப்படுவது அரிது, அது உண்மை. ஆனால் மெஷினை வைத்த பிறகு பாதியில் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறுபக்கம் காடாக இருக்கும்போது பிள்ளை அழ ஆரம்பித்தால், முடித்தே ஆக வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். காயம் படுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். கத்தரியில் அந்த நெருக்கடி இல்லை.

முடி வெட்டுவதற்கென்றே விற்கும் கத்தரி வேண்டும். நுனி மழுங்கி உருண்டையாக இருக்கட்டும், நீளம் 5 அல்லது 5.5 அங்குலம் போதும். காகிதம் வெட்டும் கத்தரி, சமையலறைக் கத்தரி இரண்டும் வேண்டாம். கூர் போதாத அலகு முடியை வெட்டாமல் மடக்கி இழுக்கும். இழுத்தால் பிள்ளை தலையை வெடுக்கென்று திருப்பும். கூர் குறைந்த கத்தரி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள், நிஜத்தில் நேர் எதிர். ஒரு டிஷ்யூ தாளை நனைத்து வெட்டிப் பாருங்கள். நுனிவரை பிசிறில்லாமல் வெட்டினால் சரி, மடங்கிக் கசங்கினால் வேறு பாருங்கள்.

இதோடு ஒரு நெருக்கப் பல் சீப்பு, சிக்கெடுக்க ஒரு அகலப் பல் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், மெல்லிய முடிகள் உள்ள பிரஷ் ஒன்று. போர்த்துகிற கேப் எனக்குப் பிடிக்காது. கழுத்தை இறுக்கியதும் பாதிப் பிள்ளைகள் அங்கேயே அழ ஆரம்பித்துவிடும். பெரியவர்களின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டி, முதுகுப் பக்கம் பட்டன் போட்டுவிடுங்கள். கை வெளியே இருப்பதால் பொம்மையும் பிடித்துக்கொள்ளலாம்.

உட்கார வைக்கும் முன்

தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரம் நல்லது. தூங்கும்போது வெட்டிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். கத்தரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது குழந்தை திடுக்கிட்டு எழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியாது.

தலைத் தோலை ஒரு முறை விலக்கிப் பாருங்கள். பேன், ஈர், புண் இருக்கிறதா? வட்டமாகச் செதில் விட்டு, அந்த இடத்தில் மட்டும் முடி ஒடிந்தோ கொட்டியோ இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கு வெட்ட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சீப்பு, மெஷின் வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் அது பரவும்.

சுற்றும் நாற்காலி கூடாது. இடுப்பில் பெல்ட் போடும் உயர நாற்காலி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் இன்னொரு பெரியவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். பிடரி வெட்டும்போது குழந்தை அவர் மார்போடு சாய்ந்து, தோளுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டால் கழுத்து அசையாது. பிள்ளையின் தலை உங்கள் மார்பு உயரத்துக்கு வர வேண்டும். குனிந்துகொண்டே வெட்டினால் உங்கள் கைதான் முதலில் தளரும்.

நெற்றி முடி

ஈரமான முடி நீண்டு தொங்கும், காய்ந்ததும் மேலேறும். ஈரத்தில் புருவ அளவுக்கு வெட்டினால் காய்ந்த பிறகு நெற்றி நடுவில் நிற்கும். அதனால் நெற்றி முடியை மட்டும் உலர்வாக வெட்டுங்கள், மற்ற இடங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். சொட்டச் சொட்ட வேண்டாம், சீப்புக்குப் படிந்தால் போதும்.

போனில் கார்ட்டூன் காட்டுவதாக இருந்தால் போன் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். மடியில் வைத்தால் தலை குனியும், வெட்டுக் கோடும் கோணலாகும்.

இரண்டு கண்களின் வெளி ஓரத்துக்கு இடைப்பட்ட முடியை மட்டும் முன்னால் சீவுங்கள். அதை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, நெற்றியை விட்டு முன்னால் இழுங்கள். விரல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் வெட்டுங்கள். இப்போது முகத்துக்கும் கத்தரிக்கும் நடுவில் உங்கள் விரல்கள் இருக்கின்றன. கத்தரி பக்கவாட்டிலிருந்து, முகத்துக்கு இணையாக வரட்டும். நுனி ஒருபோதும் கண்ணைப் பார்த்து இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர், கீழே விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி. இப்படி வெட்டினால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வராது, கொஞ்சம் கலைந்து மெத்தென்று விழும். சின்ன முகத்துக்கு அதுதான் அழகு என்பேன்.

காது ஓரம்: இங்கே நிதானம்

எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காது மடலின் மேல் விளிம்பும் கீழ்த் தொங்கலும்தான் வெட்டுப்படும் இடங்கள். காரணம் எளிது. காதருகே கிச் கிச் என்று சத்தம் கேட்டதும் பிள்ளை அதைப் பார்க்கத் திரும்பும். அது குறும்பு இல்லை, யார் காதில் சத்தம் கேட்டாலும் திரும்பத்தான் செய்வார்கள். ஆகவே முதலில் அந்தச் சத்தத்தைப் பழக்குங்கள். கத்தரியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வெறுமனே திறந்து மூடுங்கள். ‘கேட்குதா? இதுதான் கத்தரி பேசுறது’ என்று சொல்லி, இரண்டு காதுப் பக்கமும் செய்யுங்கள். திரும்பிப் பார்ப்பது நிற்கும்வரை முடியைத் தொட வேண்டாம்.

அடுத்தது கை வைக்கும் முறை. இடது கையால் காது மடலை மேலிருந்து கீழாக மெதுவாக மடக்கி, கட்டைவிரலால் அமுக்காமல் மூடிக்கொள்ளுங்கள். மற்ற விரல்கள் தலையில் விரிந்து பதிந்திருக்கட்டும். வலது கையில் கத்தரி. அந்தக் கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் காதுக்கு மேலே மண்டையில் ஊன்றியிருக்க வேண்டும். இந்த ஊன்றல்தான் எல்லாமே. கை அந்தரத்தில் இருந்தால், தலை திரும்பும்போது கத்தரி இருந்த இடத்திலேயே நிற்கும், காது அதன் மேல் போய் இடிக்கும். கை தலையில் ஊன்றியிருந்தால், தலை திரும்பும்போது கத்தரியும் சேர்ந்தே நகரும். ஒரு பொம்மையின் தலையில் கையை ஊன்றி, பொம்மையை அசைத்துப் பாருங்கள், உடனே புரிந்துவிடும்.

கத்தரியை முழுதாகத் திறக்காதீர்கள். நுனியில் ஒரு சென்டிமீட்டர் திறந்தால் போதும். இரண்டு அலகுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் மூடக் கூடாது. முடி காதை மறைத்திருந்தால் சீவி விலக்கிப் பார்த்த பிறகே மூடுங்கள்.

வெட்டுவதை எண்ணிக்கையாகச் செய்யலாம். ‘ஒன்று, இரண்டு, மூன்று, இப்போ ஆடலாம்!’ மூன்று எண்ணும்வரை அசையாமல் இருப்பது பெரும்பாலான பிள்ளைகளால் முடியும், அதற்குமேல் கேட்பது அநியாயம். ‘ஆடலாம்’ என்று சொல்லும்போது கத்தரி மூடி உங்கள் உள்ளங்கைக்குள் போய்விட வேண்டும். கட்டைவிரலை மட்டும் வளையத்திலிருந்து எடுத்துவிட்டு, அலகு உள்ளங்கையில் படியும்படி சுழற்றிக்கொண்டால் அதே கையால் சீப்பையும் பிடிக்கலாம். முடிவெட்டுபவர்கள் கையைக் கவனித்தால் இதைப் பார்க்கலாம். பிள்ளை இல்லாத நேரத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

பிடரி, உச்சி

பிடரிக்குத் தலை குனிய வேண்டும். இப்போது போனை மடியில் கொடுக்கலாம். முடியை நேராகக் கீழே சீவி, நடுவில் முதலில் வெட்டி, அந்த அளவுக்கு இடதும் வலதும் சேருங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனால் கோடு ஏறிக்கொண்டே போகும். கழுத்தில் இருக்கும் பூனைமுடியை விட்டுவிடுங்கள். அதற்காக வெறும் பிளேடை எடுப்பது தேவையில்லாத வேலை.

உச்சியில் ஒவ்வொரு கற்றையாக நிமிர்த்திப் பிடித்து நுனியை வெட்டுங்கள். ஏற்கெனவே வெட்டியதில் கொஞ்சத்தை அடுத்த கற்றையோடு சேர்த்துப் பிடித்தால் அளவு தெரியும். சுழி இருக்கும் இடத்தில் மட்டும் நீளமாக விடுங்கள். அங்கே கட்டையாக வெட்டினால் முடி குத்திட்டு நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாது.

மெஷின்தான் என்பவர்களுக்கு

மெஷினோடு வரும் பிளாஸ்டிக் சீப்புகளின் எண் பெரும்பாலும் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும். நம்பர் 1 என்றால் சுமார் 3 மி.மீ., நம்பர் 2 என்றால் 6, நம்பர் 4 என்றால் 13, நம்பர் 8 என்றால் 25 மி.மீ. முடி மிஞ்சும். பெரிய எண்ணில் ஆரம்பித்து இறங்குங்கள். சீப்பு ‘டக்’ என்று மாட்டியதா என்று ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். நடுவில் கழன்றால் ஒரு பாதை மட்டும் மொட்டையாகிவிடும்.

முடி சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். மின்கம்பி உள்ள மெஷினைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டு போகவே வேண்டாம். ஓட ஓட பிளேடு சூடாகும், அதை அடிக்கடி உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். தொடங்கும் முன் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சூடும் சத்தமும் குறையும். இரண்டு பிளேடில் அசைகிற பிளேடின் பல் நுனி, அசையாத பிளேடின் நுனியை விடக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே துருத்தினால் தோலைக் கடிக்கும். தாடி டிரிம்மரை வைத்து ஒப்பேற்றாதீர்கள். பிளேடு குறுகலானது, அதே இடத்தில் பத்துத் தடவை ஓட்ட வேண்டி வரும்.

முடிந்ததும்

தண்ணீர் படும் முன் உலர்ந்த பிரஷ்ஷால் கழுத்தையும் முதுகையும் தட்டிவிடுங்கள், ஈரத்தோலில் முடி ஒட்டிக்கொள்ளும். பவுடர் போட வேண்டாம், சின்னக் குழந்தைகள் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. கண்ணில் முடி விழுந்தால் தேய்க்க விடாமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்.

காதில் கீறல் பட்டால் சின்னக் காயத்துக்கும் நிறைய ரத்தம் வரும், பயப்படாதீர்கள். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தரையை ஒரு முறைக்கு இரு முறை துடையுங்கள். உதிர்ந்த நீள முடி குழந்தையின் கால் விரலிலோ கை விரலிலோ சுற்றி, நூல் மாதிரி இறுகி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். பெரியவர்களின் முடியாலும் இது நடக்கும். காரணம் தெரியாமல் அழுதால் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, முடியை உடனே எடுக்க முடியாவிட்டால் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்காதீர்கள்.

பின்னால் சேர்த்தது

சுருட்டை முடி பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். சுருட்டை முடியை ஈரத்தில் வெட்டவே வேண்டாம், காய்ந்ததும் எவ்வளவு சுருங்கும் என்று கணிப்பது கடினம். உலர்வாக, சுருள் சுருளாக எடுத்து நுனியை மட்டும் வெட்டுங்கள். சீப்பைவிட விரல் போதும்.

சத்தமும் தொடுகையும் தாங்காத பிள்ளைகளுக்கு ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கு நெற்றி, இரண்டு நாள் கழித்து ஒரு காது என்று போகலாம். கையைக் காலைப் பிடித்து அமுக்கி வெட்டினால் அடுத்த முறை கத்தரியைக் கண்டாலே ஓடும்.

பிள்ளை தானே கத்தரியை எடுத்து முன்முடியை வெட்டிக்கொண்டது, எப்படிச் சரிசெய்வது என்றும் ஒரு கேள்வி. மற்ற முடியையெல்லாம் அந்தக் கட்டை அளவுக்கு இறக்காதீர்கள். வகிட்டை மாற்றி, பக்கத்து முடியை அதன் மேல் சீவிவிடுங்கள். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், இரண்டு மாதத்தில் மற்றதோடு கலந்துவிடும். கத்தரியை மட்டும் இன்றைக்கே மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள்.