டிசபிலிட்டி பென்ஷன் அப்பீல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியால் வந்த ஊனத்துக்கான டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முன்னாள் படைவீரர்கள் தட்டச்சு செய்து அனுப்பும் அப்பீல் மனுக்களில் பல ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: இத்தனை ஆண்டு நாட்டுக்கு உழைத்தேன், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், கருணை காட்டுங்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். பென்ஷனை மறுத்தவர்கள் சொன்ன காரணத்துக்கு அதில் பதில் எங்கே?

அவர்கள் பார்ப்பது இரண்டைத்தான். நோயோ காயமோ பணியால் வந்ததா அல்லது பணியால் கூடியதா? ஊனம் 20 சதவீதமாவது இருக்கிறதா? மறுப்பைச் சொல்லும் ஆங்கிலக் கடிதம் புரியவில்லை என்று அதை வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். முதல் அப்பீலுக்குக் கெடு ஆறு மாதம். பூட்டி வைத்தாலும் நாள் நிற்காது.

ஊனத்தை மதிப்பிட்ட ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டின் அறிக்கையைக் கையில் வாங்காமல் மனு எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுதி நகல் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அறிக்கை வந்ததும் காரணம் எழுதிய இடத்தைத் தேடுங்கள். ரத்த அழுத்தம் என்றால் ‘அமைதிப் பகுதியில் பணியாற்றும்போது தொடங்கியது’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியின் தேதியை உங்கள் போஸ்டிங் விவரத்தோடு ஒத்துப் பாருங்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்குச் சில மாதம் முன்புவரை லடாக் போன்ற கடினமான களப்பகுதியில் இருந்திருந்தால், மனுவின் முதல் பத்தி அதுதான். பெண்ணின் கல்யாணம் அல்ல.

நண்பர் ஜெயித்த மனுவை, அதில் காட்டிய தீர்ப்போடு சேர்த்து, அப்படியே நகலெடுப்பவர்களும் உண்டு. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய் எதுவும் பதிவாகாதவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மறுப்பதற்குப் போர்டு காரணம் சொல்ல வேண்டும் என்றது. நல்ல ஆயுதம்தான். ஆனால் அது இந்தப் பென்ஷனுக்கான 1982 தகுதி விதிகளை வைத்து வந்த தீர்ப்பு. 2023இல் புதிய விதிகள் வந்துவிட்டன. நீங்கள் ஓய்வு பெற்ற தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் மனு பலவீனமாகிவிடும்.

பென்ஷன் கிடைத்தவர்களும் ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள். 50க்குக் கீழான ஊன சதவீதத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பென்ஷன் வழங்கும் உத்தரவான பிபிஓவில் வெறும் 20 அல்லது 30 என்று இருந்தால் கேட்க வேண்டியதுதான்.

முதல் அப்பீல் தோற்றால் இரண்டாவது அப்பீல், அதற்குப் பிறகே சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நடுவில் உள்ள படிகளைத் தாண்டிப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மனுவை ஏற்காமல் திருப்பிவிடலாம். ஆனால் அப்பீல் கொடுத்து ஆறு மாதமாகியும் உத்தரவு வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகத் தடையில்லை. காலம் கடத்தினால் இன்னொரு நஷ்டம்: ஜெயித்தாலும் நிலுவைத் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிறுத்திவிடலாம்.

நிலுவையில் பங்கு பேசும் தரகரிடம் பணியிலிருந்து விடுவித்ததற்குச் சான்றான டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் கொடுக்காதீர்கள். சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்பதற்குக் கட்டணம் இல்லை. மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை நகலோடு பின் செய்து வையுங்கள்.