ரேடியஸ் லைப்ரரியைப் பராமரிப்பது எப்படி? முதல் பேட்ச் வரை ஒரு செய்முறை

அலுவலக வைஃபையில் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைகிறீர்கள் என்றால், பின்னால் பெரும்பாலும் ரேடியஸ் என்ற நெறிமுறைதான் வேலை செய்துகொண்டிருக்கும். உங்களை உள்ளே விடலாமா என்று வைஃபை பெட்டி ஒரு சர்வரிடம் கேட்பது அதன் வழியாகத்தான். விபிஎன், பிராட்பேண்ட் இணைப்பு, பல்கலைக்கழகங்களை இணைக்கும் எட்யுரோம் எல்லாவற்றிலும் அது உண்டு. 1991-இல் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. இன்று நாம் பின்பற்றும் வரையறை 2000-ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 2865 என்ற ஆவணம். இந்த நெறிமுறையைப் பேசும் திறமூல லைப்ரரிகள் பல மொழிகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஓரிருவர்தான் ஓய்வு நேரத்தில் கவனித்துக்கொள்கிறார்கள். இன்னும் நான்கு கைகள் சேர்ந்தால் நன்றாக இருக்கும்.

பைதான் ஓரளவு தெரியும், கிட் பயன்படுத்துவீர்கள், ஆனால் பாதுகாப்பு தொடர்பான நிரலில் கை வைக்கத் தயக்கமாக இருக்கிறதா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். உதாரணத்துக்குப் பைராட் என்ற பைதான் லைப்ரரியை எடுத்துக்கொள்கிறேன். சின்னது, உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான கடவுச்சொல் கொடுத்தவரை லைப்ரரி உள்ளே விடவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் புகார் வந்துவிடும். விடக்கூடாதவரை விட்டுவிட்டால் புகார் எதுவும் வராது, பக் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆகவே பராமரிப்பவரின் நேரத்தில் பெரும்பங்கு, மறுக்க வேண்டியதை லைப்ரரி ஒழுங்காக மறுக்கிறதா என்று பார்ப்பதில்தான் போக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் திசையில்தான் போகின்றன.

படி 1: தொடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

கிட்ஹப்பில் ரெப்போவை ஃபோர்க் செய்து, உங்கள் கணினிக்குக் குளோன் செய்யுங்கள். தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்று உருவாக்கி, ஏற்கெனவே இருக்கும் டெஸ்டுகள் எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஒரு வரி மாற்றுவதற்கு முன்னாலேயே ஏதாவது டெஸ்ட் தோற்றால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேட்சால் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்ற குழப்பம் வராது. பாதுகாப்புக் குறைகளை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று ரெப்போவில் எழுதியிருக்கிறார்களா என்றும் இப்போதே பாருங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 2: ஒரு பாக்கெட்டைக் கையால் பிரித்துப் படியுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டாதீர்கள்.

ஆர்எஃப்சி 2865-இன் 7-ஆம் பிரிவில் ஒரு முழு உதாரணம் இருக்கிறது. நெமோ என்ற பயனர் உள்ளே நுழையக் கேட்கும் கோரிக்கை, மொத்தம் 56 பைட். பகிர்ந்த ரகசியம் (சாதனத்துக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த சாவி), கடவுச்சொல், சர்வரின் பதில் எல்லாம் அங்கேயே கொடுத்திருக்கிறார்கள். முதல் நான்கு பைட்டைத் தசம எண்களில் எழுதினால் 1, 0, 0, 56. முதல் 1 என்பது ஆக்சஸ்-ரிக்வெஸ்ட் என்ற வகை. அடுத்த 0 இந்தக் கோரிக்கையின் அடையாள எண். கடைசி இரண்டும் சேர்ந்து பாக்கெட்டின் மொத்த நீளம். இதற்குப் பிறகு 16 பைட் ஆதென்டிகேட்டர். கோரிக்கையில் அது யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும்.

மிச்சம் எல்லாம் அட்ரிபியூட்கள், அதாவது பயனர் பெயர் போன்ற தகவல் துண்டுகள். முதலாவது 1, 6, 110, 101, 109, 111. அதாவது வகை 1, பயனர் பெயர், நீளம் 6, பிறகு பெயரின் நான்கு எழுத்துகள். நீளத்தில் வகை பைட்டும் நீள பைட்டும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். ஆகவே சரியான நீளம் எதுவும் 2-க்குக் கீழே போகாது. இது 4-ஆம் படியில் திரும்ப வரும்.

இரண்டாவது அட்ரிபியூட் கடவுச்சொல். நீளம் 18. பத்து எழுத்துக் கடவுச்சொல்லைப் பூஜ்ஜியங்களால் 16 பைட்டுக்கு நிரப்பி, பகிர்ந்த ரகசியத்தையும் ஆதென்டிகேட்டரையும் சேர்த்து எம்டி5 (எந்தத் தரவையும் 16 பைட்டாகச் சுருக்கும் கணக்கு) போட்டுக் கிடைப்பதோடு எக்ஸார் செய்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பைதான் ஷெல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் பைட் 13, அடுத்தது 190 என்று வந்தால் நெறிமுறை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

சர்வரின் பதில் 38 பைட். அதிலும் 16 பைட் ஆதென்டிகேட்டர் உண்டு, ஆனால் இந்த முறை அது கணக்கிட்டு வருவது. பதிலின் வகை, அடையாள எண், நீளம், கோரிக்கையில் இருந்த ஆதென்டிகேட்டர், அட்ரிபியூட்கள், கடைசியில் பகிர்ந்த ரகசியம் எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து எம்டி5 போட வேண்டும். ரகசியம் கடைசியில் வருகிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் படியில் சொல்லப்போகும் தாக்குதல் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

படி 3: சோதனைக்கு ஒரு சர்வர்

உங்கள் கணினியிலேயே ஃப்ரீரேடியஸ் என்ற திறமூல ரேடியஸ் சர்வரை நிறுவி, டீபக் நிலையில் ஓட்டுங்கள். வந்த பாக்கெட், போன பாக்கெட், ஏன் மறுத்தது என்ற காரணம் எல்லாம் திரையில் வரிவரியாக ஓடும். உள்ளூர்க் கணினிக்கு அதில் டெஸ்டிங்123 என்ற ரகசியம் முன்கூட்டியே வைத்திருக்கும். சோதனைக்கு அது போதும், நிஜச் சர்வரில் அதை விட்டுவைக்கவே கூடாது. அலுவலக சர்வரை நோக்கிச் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்ப வேண்டாம். நாலு தவறான முயற்சியில் யாருடைய கணக்காவது பூட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

படி 4: மறுப்பு டெஸ்டுகளை எழுதுங்கள்

புதியவர் ஒருவர் தரக்கூடிய மிகப் பயனுள்ள பங்களிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். லைப்ரரியின் நிரலைத் தொடவே வேண்டாம், டெஸ்ட் மட்டும் எழுதினால் போதும்.

முதல் டெஸ்ட் எளியது. அந்த 38 பைட் பதிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டு, லைப்ரரியின் சரிபார்ப்பு ஃபங்ஷனிடம் கொடுங்கள். 38-ஐ 8-ஆல் பெருக்கினால் 304 பொய்ப் பதில்கள். முந்நூற்று நான்கையும் அது மறுக்க வேண்டும். ஒரு சின்ன லூப்பில் முடிந்துவிடும் வேலை.

எப்படி மறுக்கிறது என்பதையும் பாருங்கள். லைப்ரரி தனக்கென வைத்திருக்கும் பாக்கெட் எரர் வந்தால் சரி, பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பைத் திருப்பி அனுப்பினாலும் சரி. இண்டெக்ஸ்எரர் மாதிரி ஒன்று வெடித்து வந்தால் அதை மறுப்பு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து வந்த பாக்கெட் நிரலை நிலைகுலைய வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதே நிரல் சர்வராக ஓடும்போது, ஒரே பாக்கெட்டில் யார் வேண்டுமானாலும் அதைப் படுக்கவைத்துவிடலாம்.

அப்புறம் நீளங்கள். அட்ரிபியூட்டின் நீளம் 0 என்று போட்டு ஒரு பாக்கெட் செய்யுங்கள். அட்ரிபியூட்களைப் படிக்கும் லூப், படித்த நீளத்தை வைத்துத்தானே அடுத்ததற்கு நகரும்? நீளம் 0 என்றால் நகராது. 2-க்குக் குறைவானதை நிராகரிக்கும் ஒரு வரி இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் சில: தலைப்பகுதிக்குத் தேவையான 20 பைட்டில் ஒன்று குறைந்த பாக்கெட், 4096-ஐத் தாண்டிய நீளம், பாக்கெட் முடிந்த பிறகும் நீளும் அட்ரிபியூட்.

கிளையண்ட், அதாவது சர்வரிடம் கேட்கும் சாதனத்தின் பக்கத்தில் நுணுக்கமான ஒன்று உண்டு. ரேடியஸ் பெரும்பாலும் யூடிபியில், 1812-ஆம் போர்ட்டில் நடக்கிறது. பொய்ப் பதில் ஒன்று வந்தால் கிளையண்ட் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு, உண்மையான பதிலுக்காகத் தொடர்ந்து காத்திருக்க வேண்டும். பொய்ப் பதிலைக் கண்டதும் முயற்சியையே கைவிட்டால், குப்பையை அனுப்பியே ஒருவரை உள்ளே வரவிடாமல் தடுத்துவிடலாம். டெஸ்டில் முதலில் ஒரு பொய்ப் பதில், அடுத்து உண்மையான பதில் என்று அனுப்பிப் பாருங்கள். கடைசி வரை எதுவுமே வராவிட்டால் முடிவு டைம்அவுட்டாக இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அனுமதியாக இருக்கக் கூடாது.

படி 5: சின்னத் திருத்தங்களில் தொடங்குங்கள்

இரண்டு இடங்களைத் தேடச் சொல்வேன். ஒன்று, ரேண்டம் எண்கள் எங்கிருந்து வருகின்றன? பைராடின் 2.1-க்கு முந்தைய பதிப்புகள் ஆதென்டிகேட்டருக்குப் பைதானின் சாதாரண ரேண்டம் மாட்யூலைப் பயன்படுத்தின. அதன் வெளியீடுகள் 624 கிடைத்துவிட்டால் அடுத்து வருவதெல்லாம் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2013-0294 என்ற எண்ணில் அந்தக் குறை பதிவாகி, திருத்தவும் பட்டது. நீங்கள் எந்த லைப்ரரியை எடுத்தாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் ரேண்டம் மூலத்திலிருந்துதான் எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

மற்றொன்று, ஒப்பிடும் இடம். ரகசியத்திலிருந்து பிறந்த இரண்டு மதிப்புகளை வெறும் சமக்குறியால் ஒப்பிட்டால், முதல் வேறுபாட்டிலேயே ஒப்பீடு நின்றுவிடும். எடுத்துக்கொண்ட நேரமே ஒரு தடயமாகிவிடும். பைதானின் எச்மேக் மாட்யூலில் இதற்கென்றே கம்பேர்-டைஜஸ்ட் இருக்கிறது. ஒரு வரி மாற்றம், முதல் புல் ரிக்வெஸ்டுக்குப் பொருத்தமானது.

படி 6: பிளாஸ்ட்ரேடியஸ் ஓட்டையைப் புரிந்துகொண்டு அடைத்துவிடுங்கள்

2024 ஜூலை 9-ஆம் தேதி வெளியான தாக்குதல் இது, சிவிஇ-2024-3596. பாஸ்டன் பல்கலைக்கழகம், சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ, கிளவுட்ஃப்ளேர், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

தாக்குபவர் விபிஎன் பெட்டி போன்ற ஒரு சாதனத்துக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கிறார். வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் கொடுக்கிறார். சர்வர் அனுப்பப்போகும் மறுப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். தான் விரும்பும் அனுமதிப் பாக்கெட் ஒன்றையும் தயாரித்து, இரண்டுக்கும் எம்டி5 ஒன்றாக வருமாறு குப்பை பைட்டுகளைக் கண்டுபிடிக்கிறார். மறுப்புக்கு உரிய குப்பையைக் கோரிக்கையில் பிராக்ஸி-ஸ்டேட் என்ற அட்ரிபியூட்டாகச் செருகிவிட்டால், சர்வர் அதை அப்படியே பதிலில் திருப்பி அனுப்பும், அதுதான் விதி. ரகசியம் கடைசியில் சேர்வதால், அதுவரை ஒன்றாக வந்த எம்டி5 ரகசியம் சேர்ந்த பிறகும் ஒன்றாகவே இருக்கும். சர்வரின் மறுப்பில் இருக்கும் ஆதென்டிகேட்டரை எடுத்துத் தன் அனுமதிப் பாக்கெட்டில் ஒட்டிவிடுகிறார். ரகசியம் அவருக்குக் கடைசி வரை தெரியாது. ஆனாலும் சாதனம் உள்ளே விட்டுவிடும்.

4-ஆம் படியின் 304 டெஸ்டும் தேறிய லைப்ரரிகூட இதில் விழும். அந்த டெஸ்டுகள் இந்தக் கதவைத் தொடவே இல்லை.

தீர்வு மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற அட்ரிபியூட், எண் 80. பகிர்ந்த ரகசியத்தையே சாவியாக வைத்து முழு பாக்கெட்டுக்கும் போடும் எச்மேக் அது, சாவி தெரிந்தவர் மட்டுமே போடக்கூடிய முத்திரை. ஈஏபி என்ற உள்நுழைவு முறை வழியாக நடக்கும் எட்யுரோம் போன்றவற்றில் இது ஏற்கெனவே கட்டாயம் என்பதால் அவை இந்தத் தாக்குதலில் தப்பின. உங்கள் லைப்ரரியில் செய்ய வேண்டியது மூன்று.

கோரிக்கையிலும் பதிலிலும் இதைச் சேருங்கள், அதுவும் முதல் அட்ரிபியூட்டாக. முதலில் இருந்தால் பதிலின் தொடக்கத்தையே தாக்குபவரால் ஊகிக்க முடியாது. கணக்கிடும்போது அந்த 16 பைட்டையும் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் கணக்கிடும்போது, ஆதென்டிகேட்டர் இருக்கும் இடத்தில் கோரிக்கையின் ஆதென்டிகேட்டரை வைக்க வேண்டும். இதை முடித்த பிறகுதான் பதிலின் ஆதென்டிகேட்டரைக் கணக்கிட வேண்டும். வரிசை மாறினால் கிளையண்ட் அந்தப் பதிலை ஏற்காது.

அடுத்தது, வந்த பதிலில் இது தவறாக இருந்தால் மட்டுமல்ல, இல்லாமலே இருந்தாலும் மறுக்க ஒரு அமைப்பு வேண்டும். நிரலைப் படிக்கும்போது, இந்த அட்ரிபியூட் இருந்தால் மட்டும் சரிபார் என்று எழுதிய இடம் கண்ணில் படலாம். தாக்குபவர் அதை எடுத்துவிட்டால் சரிபார்ப்பே நடக்காது. அதற்குத் தனி டெஸ்ட் எழுதுங்கள்.

மூன்றாவது, பழைய சாதனங்கள். சில பெட்டிகள் இந்த அட்ரிபியூட்டை அனுப்பவே அனுப்பாது. ஒரே நாளில் கட்டாயமாக்கினால் யாரோ ஒரு கல்லூரியின் நிர்வாகி பழைய பதிப்புக்கே திரும்பிப் போய்விடுவார், பாதுகாப்பும் போய்விடும். ஃப்ரீரேடியஸ் 3.2.5-இல் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனித்தனியாக இதை முடிவுசெய்ய வழி இருக்கிறது. நானும் அதையே பரிந்துரைப்பேன்: இயல்புநிலை கட்டாயம், விலக்கு வேண்டுமானால் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் வெளிப்படையாக எழுத வேண்டும், ஒவ்வொரு முறையும் லாகில் எச்சரிக்கை வர வேண்டும்.

படி 7: அனுப்புங்கள்

டெஸ்டுகளும் 5-ஆம் படி மாதிரியான சின்னத் திருத்தங்களும் வழக்கமான புல் ரிக்வெஸ்டாகப் போகலாம். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே விஷயம். டெஸ்டை முதல் கமிட்டாகவும், திருத்தத்தை இரண்டாவதாகவும் வையுங்கள். பார்ப்பவர் முதல் கமிட்டில் அது தோற்பதையும் இரண்டாவதில் தேறுவதையும் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆர்எஃப்சியின் எந்தப் பிரிவு இப்படிச் சொல்கிறது என்று விளக்கத்தில் எழுதுங்கள்.

மறுக்க வேண்டியதை லைப்ரரி ஏற்றுக்கொள்கிறது என்று உங்கள் டெஸ்ட் காட்டினால் கதை வேறு. பொது இஷ்யூவாகத் திறக்காதீர்கள், பொது ஃபோர்க்கில் அந்த டெஸ்டைத் தள்ளவும் வேண்டாம். முதல் படியில் பார்த்துவைத்த வழியில் பராமரிப்பாளருக்குத் தனியாக எழுதுங்கள். அப்படி எந்த வழியும் ரெப்போவில் எழுதப்படவில்லை என்றால், பாதுகாப்பு விஷயமாகப் பேச வேண்டும், எங்கே எழுதலாம் என்று மட்டும் விவரம் இல்லாமல் கேளுங்கள். தனியாக எழுதும்போது பாக்கெட்டின் பைட்டுகளையும், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்பதையும், முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வரத் தாமதமானால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பக்கம் இருப்பவரும் வேலை முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் இதைத் திறந்து பார்ப்பார்.