அம்பாசடரில் சார்ஜ் லைட் அணையவில்லையா? டைனமோவைக் கழற்றும் முன்...

பழைய அம்பாசடரின் டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் லைட் எரிந்தால் முதலில் எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்றுவார்கள். பிறகு டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் சுவிட்சான கட்அவுட், கடைசியில் பேட்டரி. மூன்றையும் மாற்றியும் லைட் எரிகிற வண்டிகள் உண்டு. லைட் சொல்வது என்னவென்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதால் வரும் வீண் செலவு இது.

அந்தப் பல்புக்குத் தனி எர்த் (பாடியோடு இணைப்பு) கிடையாது. ஒரு முனைக்கு இக்னிஷன் சுவிட்சிலிருந்து கரண்ட் வரும். மறுமுனை டைனமோவின் 'டி' முனைக்கு, அதாவது கரண்ட் வெளிவரும் முனைக்குப் போகும். டைனமோ நிற்கும்போது 'டி' முனை ஆர்மெச்சர் (உள்ளே சுழலும் காயில்) வழியே எர்த் ஆவதால் பல்பு எரிகிறது. டைனமோ சுற்றி வோல்டேஜ் ஏறியதும் இரு பக்கமும் சமமாகி அணைகிறது. குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் ஒன்றானதும் ஓட்டம் நிற்பது போலத்தான். ஆகவே லைட் எரிந்தால் இரு பக்கமும் சமமில்லை என்றுதான் பொருள். குறை எந்தப் பக்கம் என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும்.

ஐடிலிங்கில் லைட் மினுக்குவதைப் பழுது என்று எண்ண வேண்டாம். டைனமோ அந்த வேகத்தில் போதிய வோல்டேஜ் தராது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் அணைந்தால் சரி. அணையாவிட்டால் முதலில் ஃபேன் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும்.

டைனமோ நல்லதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. டைனமோ வண்டியில் பல்புகள் போகும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதன் டையோடுகளே போய்விடும். சரியான முறை இது: டைனமோவிலிருந்து 'டி', 'எஃப்' (ஃபீல்டு) வயர்கள் இரண்டையும் கழற்றுங்கள். அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஐடிலிங்கில் தொடங்கி மெல்ல வேகம் கூட்டுங்கள். 1000 ஆர்பிஎம் போதும். முள் தடுமாறாமல் விறுவிறுவென ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்டவிடாமல் நிறுத்திவிடுங்கள்.

ரீடிங்கே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். அரை முதல் 1 வோல்ட் காட்டினால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலைச் சந்தேகிக்கலாம். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சரை. பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் துடைக்க மெல்லிய உப்புத்தாள் போதும். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷைத் தின்னும்.

ரிப்பேரான டைனமோவை மாட்டியதும் லைட் அணையவில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். ஃபீல்டில் மிச்ச காந்தம் இல்லாமலோ தலைகீழாகவோ இருக்கலாம். 'எஃப்' வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவின் 'எஃப்' முனையில் இரண்டு முறை தொட்டு எடுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. பாடிக்குப் போவது எந்த முனை என்று பார்த்துவிட்டே தொடுங்கள்.

ஓடும்போது லைட் மங்கலாக எரிகிறது, ஹெட்லைட் போட்டால் கூடுகிறது என்றால் டைனமோ பெரும்பாலும் நலமே. சுவிட்ச் பக்கம்தான் வோல்டேஜ் குறைகிறது. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட் எரியும்போதே கட்அவுட்டின் 'டி' (டைனமோ பக்கம்), 'ஏ' (பேட்டரி பக்கம்) முனைகளுக்கு நடுவே அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் காண்டாக்ட் கரிந்திருக்கிறது. அங்கே குறைவாக இருந்தால் இக்னிஷன் சுவிட்ச் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துப் போகலாம். இதை விட்டுவிட்டு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் திருகைத் திருப்பினால் பேட்டரி கொதிப்பதுதான் மிச்சம்.

சாவியை எடுத்த பிறகும் லைட் எரிந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். கட்அவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, பேட்டரி டைனமோவுக்குள் காலியாகிக்கொண்டிருக்கும். வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஆல்டர்னேட்டர் வண்டியில் இதே அறிகுறிக்குக் காரணம் ஷார்ட்டான டையோடு.

ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிகளில் இன்னொரு வம்பு, சார்ஜ் லைட் பல்புக்குப் பதில் போடும் எல்இடி. அங்கே ஃபீல்டுக்கு முதல் கரண்ட் இந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகும். எல்இடி போட்டால் அது போதாமல், ஒருமுறை நன்றாக ரேஸ் செய்தால்தான் சார்ஜ் தொடங்கும். எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். சாவி போட்டதும் லைட் எரியவே இல்லையென்றாலும் கவனியுங்கள்: பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் சார்ஜும் தொடங்காமல் போகலாம். ஆல்டர்னேட்டரில் இண்டிகேட்டர் வயரை மட்டும் கழற்றிப் பாடியில் தொட்டால் லைட் எரிய வேண்டும். எரிந்தால் வயரிங் சரி, கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்.

ஆயில் லைட் வேறு கதை. அதன் சுவிட்ச் எஞ்சின் பிளாக்கில் எர்த் ஆகிறது. வயரைக் கழற்றியும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. கழற்றியதும் அணைந்தால் சுவிட்சா பிரஷரா என்பதை மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்க்கும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள்.