முதுகுப்பையில் பாதி பயம்

தனியாக வெளிநாடு கிளம்பும் பெண்ணின் முதுகுப்பையில் பாதி எடை பயம்தான். வியட்நாமுக்குப் புறப்பட்டபோது என் பை 13 கிலோ. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மூன்று ஜோடி செருப்பு, எல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' ரகம். மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோகப் பெரும்பாலும் 7 கிலோதான். மிச்சத்துக்குக் கட்டிய பணத்தில் தலைநகர் ஹனோயில் இரண்டு நாள் தங்கியிருக்கலாம். 1889இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை ஒரே கைப்பையோடு கிளம்பி, கொழும்பு வழியாக, 72 நாளில் உலகைச் சுற்றிவந்தார். அந்தச் சின்னப் பையிலும் இடத்தை அடைத்து அவரைப் படுத்தியது முகத்தில் பூசும் ஒரு கோல்ட் கிரீம் (cold cream) ஜாடி!

சுமையாவது முதுகோடு போகிறது. டிக்கெட் விலை குறைகிறதே என்று நள்ளிரவில் போய் இறங்குவதுதான் பெரிய தவறு. பகலில் ஹனோயின் நொய் பாய் விமான நிலையத்திலிருந்து 86ஆம் எண் பஸ் ஊருக்குள் கொண்டுபோய் விடும். நள்ளிரவில் டாக்ஸிக்காரர் சொன்னதுதான் விலை.

களைத்திருக்கும்போது பணத்தையும் வெளியே எடுக்காதீர்கள். அங்கே பணம் டாங். 20,000 டாங் தாளும் நீலம், 5,00,000 டாங் தாளும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். மங்கிய தெருவிளக்கில் மாங்காய்க் கீற்று வாங்கிவிட்டுப் பெரிய தாளை நீட்டினேன். விற்ற அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, தாளிலுள்ள பூஜ்ஜியங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஊர் முழுக்க அவரைப் போன்றவர்களே இருப்பார்கள் என்று நம்பவும் வேண்டாம். தாள்களைத் தனித்தனியாக வையுங்கள். ஹாஸ்டல் லாக்கருக்குச் சொந்தப் பூட்டும் வேண்டும்.

இன்னொரு தவறு, வீட்டில் சொல்லும் பொய். 'தோழிகளோடு போகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியே போகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் யாரிடம் சொல்வீர்கள்? வீட்டில் சண்டை போட்டாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். பொய்யை வழியில் விசாரிக்கும் அந்நியருக்கு வைத்துக்கொள்ளலாம். 'கணவர் அறையில் தூங்குகிறார்' என்று நான் கூசாமல் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நாளுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போடுவதும் வீண். எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது என்று யாரையும் கேட்காமல் இருக்கத்தானே கிளம்புகிறோம்? அப்புறம் ஏன் அட்டவணைக்குப் பயப்பட வேண்டும்? நான் ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டேன். மறுநாள் விடியலில் ஹனோயின் ஹோன் கியெம் ஏரிக்கரையில் பாட்டிகள் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த என்னைக் கண்டதும் ஒருவர் சற்று நகர்ந்து, வரிசையில் இடம் விட்டார்.