ஸ்டெரைல் பேக்கைப் பிரிக்கும் முன் அதைப் படிப்பது எப்படி

மருத்துவக் கருவிகளைச் சுற்றிக் கட்டிய பேக்கின் டேப்பில் கருப்புக் கோடு வந்துவிட்டது, அப்படியானால் உள்ளே இருப்பது ஸ்டெரைல்தான், அதாவது கிருமியே இல்லாததுதான் என்று நம்பிப் பேக்கைப் பிரிப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கோடு சொல்வது ஒரே ஒரு சேதி: இந்தப் பேக் ஆட்டோகிளேவுக்குள், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் மெஷினுக்குள், போய் வந்திருக்கிறது. நீராவி உள்ளே கருவி வரைக்கும் போனதா, போதுமான நேரம் நின்றதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பாத்திரத்தின் அடியில் கரி பிடித்திருக்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பது வெந்துவிட்டது என்று சொல்வீர்களா?

இன்றைய உறைகளில் நிறம் மாறும் மை, சதுரக் குறியீடு, சில இடங்களில் சிப் என்று பல விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எது எதற்குப் பதில் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கண்ணாலும் கையாலும் பாருங்கள், ஸ்கேனரை அப்புறம் எடுக்கலாம். ஈரம், கிழிசல், ஊசித்துளை, சீல் பிரிந்த இடம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தப் பேக்கின் கதை முடிந்தது. மீதி எல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை. ஈரமான காகிதம் கிருமியைத் தடுக்காது, உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த பேக்கைச் சூடாக இருக்கும்போதே தொடாதீர்கள், குளிர்ந்த மேசையிலும் வைக்காதீர்கள் என்கிறார்கள். பவுச்சாக (ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக் உள்ள உறை) இருந்தால் சீல் பட்டையைச் சுற்றிலும் பாருங்கள்: சுருக்கமோ நடுவில் விட்டுப்போன இடமோ இருக்கக் கூடாது. கத்தரிக்கோல் நுனி, கூர்மையான கொக்கி போன்றவை உள்ளிருந்தே குத்தித் துளை போட்டிருக்கும், நுனிப்பக்கத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள்.

உறை எதனால் செய்யப்பட்டது என்பதும் ஒரு அடையாளம். நீராவிக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா என்ற கிருமிநீக்க முறையில் போடுவதைச் சாதாரணக் காகிதப் பவுச்சில் வைக்க முடியாது, காகிதம் பெராக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு டைவெக் என்ற செயற்கை நார்த் தாள்தான். பிளாஸ்மாவில் வந்ததாகச் சொல்லும் கருவி காகிதப் பவுச்சில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

சரி, நிறத்துக்கு வருவோம். ஐஎஸ்ஓ 11140-1 தரநிலை ரசாயன இண்டிகேட்டர்களை, அதாவது நிறம் மாறிக் காட்டும் அடையாளங்களை, ஆறு வகையாகப் பிரிக்கிறது. வெளியே ஒட்டும் டேப், பவுச்சின் ஓரத்தில் அச்சான மை, இவை வகை 1. வகை 2 என்பது போவி-டிக் மாதிரியான தனிச் சோதனை, வெற்றிட ஆட்டோகிளேவ் காற்றை முழுசாக வெளியேற்றுகிறதா என்று பார்ப்பது. அது பேக்கோடு வராது. நீங்கள் தேட வேண்டியது பேக்குக்குள் வைக்கும் வகை 4, 5 அல்லது 6. வகை 4 வெப்பம், நேரம், நீராவி இவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டதைக் கணக்கில் எடுக்கும். வகை 5 முக்கியமான எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். வகை 6 ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கென்றே, உதாரணமாக 134 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் என்று செய்யப்பட்டது. நீராவி கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், அதாவது ட்ரேயின் மூலையிலோ அடுக்கின் நடுவிலோ இதை வைத்திருக்க வேண்டும். பிரித்தவுடன் கருவியைத் தொடும் முன் இதைப் பாருங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு, எல்லாம் பரப்பி வைத்த பிறகு அடியிலிருந்து மாறாத இண்டிகேட்டர் வெளிவந்தால் மொத்தத்தையும் கலைக்க வேண்டியதுதான்.

எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்று மனப்பாடம் செய்யாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மாறிய நிறம் எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். நீராவிக்கான மையை, கிருமி நீக்கும் இன்னொரு வாயுவான எத்திலீன் ஆக்சைடுக்கு நம்பவும் கூடாது.

இவ்வளவு பார்த்தாலும் கிருமி செத்ததா என்பதற்கு நேரடிச் சாட்சி பேக்கில் கிடையாது. அது உயிரியல் இண்டிகேட்டரில் இருக்கிறது: நீராவிக்கு ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ், எத்திலீன் ஆக்சைடுக்கு பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் என்ற பாக்டீரியாக்களின் வித்துகளை லோடோடு (ஒரே தடவையில் மெஷினுக்குள் போகும் பேக்குகள்) உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள். பேக்கையும் அந்த முடிவையும் இணைக்கும் ஒரே கயிறு லேபிளில் இருக்கும் லோடு எண். மெஷின் எண், லோடு எண், தேதி, பேக்கின் பெயர், கட்டியவரின் கையெழுத்துச் சுருக்கம் இத்தனையும் லேபிளில் வேண்டும். வித்து வளர்ந்துவிட்டது என்று சேதி வந்தால், லோடு எண் உள்ள இடத்தில் அந்த லோடுகளின் பேக்கை மட்டும் திரும்ப வாங்கலாம், இல்லாத இடத்தில் அலமாரியையே காலி செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை, நானே ஆரம்பத்தில் செய்தது: பவுச்சின் காகிதப் பக்கத்தில் பேனாவால் எழுதாதீர்கள். நுனி குத்தும், மை ஊறும். பிளாஸ்டிக் பக்கத்தில் சீலுக்கு வெளியே இருக்கும் ஓரத்தில் எழுதலாம், லேபிளில் எழுதினால் இன்னும் நல்லது.

கம்பெனியிலிருந்தே ஸ்டெரைலாக வரும் பேக்கில் சின்னங்களைப் பாருங்கள். ஸ்டெரைல் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இஓ என்றிருந்தால் எத்திலீன் ஆக்சைடு, ஆர் என்றிருந்தால் கதிர்வீச்சு. மணற்கடிகாரம் காலாவதித் தேதி, குறுக்குக் கோடு போட்ட 2 மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சதுரக் குறியீட்டின் கீழே அடைப்புக்குறிக்குள் எண்கள் இருக்கும், ஸ்கேனர் இல்லாமலே படிக்கலாம். 01-க்குப் பின்னால் பொருளின் எண், 17-க்குப் பின்னால் காலாவதி, 10 பேட்ச், 21 வரிசை எண். காலாவதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும்: 270930 என்றால் 2027 செப்டம்பர் 30. இதைத் தலைகீழாகப் படித்துக் குழம்புபவர்கள் உண்டு.

ரேடியோ அலையால் படிக்கும் சிப் வைத்த லேபிளின் வசதி, கண்ணுக்கு நேராகக் காட்டாமல் ஒரே நேரத்தில் பல பேக்கைப் படிக்கலாம். ஆனால் உலோகம் ரேடியோ அலைக்குப் பகை, அதனால் உலோகப் பெட்டி மேல் ஒட்ட உலோகத்துக்கென்றே செய்த டேக் வேண்டும். காமா கதிர் சாதாரண நினைவக சிப்பை அழித்துவிடும், அதைத் தாங்குவதற்கு எஃப்-ரேம் என்ற வேறு வகை இருக்கிறது. வாங்கும் முன் எந்த முறையில் கிருமிநீக்கம் செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். இன்னொன்று, சிப் இது எந்தப் பேக் என்று துல்லியமாகச் சொல்லும், அதன் மூலையில் துளை விழுந்ததைச் சொல்லாது.

ஸ்கேனர் பச்சை விளக்கு காட்டுகிறது, தேதியும் இருக்கிறது, ஆனால் பேக்கின் மடிப்பு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? ஒதுக்கி வையுங்கள். ஒதுக்கியதைக் குப்பையில் போடும் முன் லேபிளை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதே லோடில் போன மற்ற பேக்குகளைத் தேட அது வேண்டும்.