ட்ரையத்லான்ல பாதியில அடி விழுந்தா பண்ணக்கூடாத தப்புங்க

நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற ட்ரையத்லான் ரேஸ், நம்ம ராம்நாடு கடற்கரை பசங்களுக்குப் பாதி கைவசம் இருக்குன்னு தான் சொல்லணும். கடல் பழக்கம், வெயில் பழக்கம், பாம்பன் பக்கம் அடிக்கிற காத்துல சைக்கிள் மிதிச்ச காலு. ஆனா ரேஸ்ல ஒன்னு எசகுபிசகா ஆயிட்டா அதுக்கு அடுத்த பத்து நிமிஷத்துல தான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. பஞ்சர் ஆனதால ரேஸ் போறது கம்மி, பஞ்சர்ல போன நேரத்தைப் பிடிச்சே தீருவேன்னு வெறில மிதிச்சு ஓட்டத்துல படுத்துடுறது தான் ஜாஸ்தி.

முதல்ல கடல்ல. ஸ்பிரிண்ட் தூரம்னா நீச்சல் 750 மீட்டர், ஒலிம்பிக் தூரம்னா 1500. ஆரம்பத்துலயே ஒருத்தர் கால் பட்டு காகில்ஸ் கழண்டுடும், உப்புத்தண்ணி மூக்குல ஏறும், மூச்சு கெடைக்காத மாதிரி ஆயிடும். அப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் வேகமா கை போடுறது தான் பெரிய தப்பு, மூச்சு இன்னும் தான் அடைக்கும். மல்லாக்கத் திரும்பி மிதங்க, நம்ம தண்ணி நல்லா உப்பு, தானா தூக்கிவிடும், மூச்சை நீளமா வெளிய விடுங்க. அடங்கலன்னா கையத் தூக்குங்க, பாதுகாப்புக்கு நிக்கிற கயாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், அதைப் பிடிச்சு முன்னால நகரக்கூடாது அவ்வளவு தான், வெளியேத்த மாட்டாங்க. இது தெரியாம பயந்து பிடிக்காமலே தவிக்கிறாங்க பாருங்க, அது தான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

கடல்ல சொறி, அதான் ஜெல்லி மீன், பட்டா தேய்க்காதீங்க. மணலை அள்ளித் தேய்ச்சாலும் நல்ல தண்ணி ஊத்துனாலும் எரிச்சல் கூடத்தான் செய்யும், கடல் தண்ணிலயே கழுவுங்க. மூச்சு வாங்குது, உதடு வீங்குதுன்னா அதோட ரேஸ் முடிஞ்சுது, உடனே டாக்டர். அப்புறம் பயிற்சிக்கு இறங்குற கடலையும் காலம் பாத்துத் தேர்ந்தெடுங்க, கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், அரியமான் மாதிரி வடகடல், அதான் பாக் நீரிணைப் பக்கம் அமைதியா கெடக்கும், ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குல இருந்து வாடைக்காத்து வந்தா அப்படியே மாறிப்போகும். மீன்பிடிக்கப் போறவங்ககிட்ட நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப்பக்கம் இழுக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்காம இறங்காதீங்க.

சைக்கிளுக்கு வருவோம், இங்க தான் விஷயமே இருக்கு. நம்ம ரோட்டோரம் பூரா சீமைக்கருவேலம், வெட்டிப்போட்ட கெளை காஞ்சு முள்ளு தார்ல செதறிக் கெடக்கும், பஞ்சர் வந்தே தீரும். அவசரத்துல பழைய டியூபை உருவிட்டு புதுசை உள்ள திணிச்சு காத்தடிக்கிறாங்க, அரை கிலோமீட்டர்ல அதுவும் புஸ்ஸுன்னு போயிடுது. ஏன்னா கருவமுள்ளு டயர்ல ஏறி வெளிய ஒடைஞ்சுடும், மேல பாத்தா ஒன்னுமே தெரியாது, உள்பக்கம் நுனி மட்டும் ஊசியா நீட்டிக்கிட்டு இருக்கும். டயருக்கு உள்ள வெரலை மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, குத்துற எடத்துல முள்ளை எடுங்க. புது டியூப்ல லேசா காத்து விட்டுட்டு மாட்டுங்க, ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல டியூப் சிக்கலையேன்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு அப்புறமா முழுக் காத்து. இதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகலாம், ஆகட்டும்.

டியூபுக்குச் சட்டுன்னு காத்தடிக்கிற சின்ன கேஸ் குப்பி, அதான் கேஸ் கார்ட்ரிட்ஜ், ஒன்னை மட்டும் நம்பிப் போறதும் தப்பு. 2008ல ஹவாய் கோனாவுல நடந்த அயர்ன்மேன்ங்கிற நீண்ட தூர ட்ரையத்லான்ல கிறிஸ்ஸி வெல்லிங்டன்ங்கிற வீராங்கனைக்கு பஞ்சர், கையில இருந்த கேஸும் வீணாப்போச்சு, ரோட்டோரம் நின்னுட்டே இருந்தாங்க, கடைசில கூடப் போட்டி போட்ட ரெபெக்கா கீட் தன்னோட கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. நேரம் அவ்வளவு போயும் வெல்லிங்டன் தான் அன்னைக்கு ஜெயிச்சாங்க. எனக்கு இதுல வெல்லிங்டனை விட கீட் செஞ்சது தான் பெருசா தெரியுது. நீங்க சின்ன பம்ப் ஒன்னு கூட வச்சுக்கோங்க. கூட்டத்துல நிக்கிற மச்சான் பைக்ல டியூப் கொண்டாந்து தர்றதெல்லாம் வெளி உதவி, தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க.

அப்புறம் அந்த வெறி மிதி. தனுஷ்கோடி ரோட்டுல பழகுனவங்களுக்குச் சொன்னாப் புரியும், கச்சான் காலத்துல அரிச்சல்முனைக்குப் போறப்ப காத்து முதுகுல தள்ளும், நாம தான் பெரிய ஆளுன்னு தோணும், திரும்பி வர்றப்ப மூஞ்சில அடிக்கும் பாருங்க, அங்க தெரியும் யார்கிட்ட எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. நாலு நிமிஷம் போச்சுன்னா அதை அஞ்சு கிலோமீட்டர்ல பிடிக்கப் பாக்காதீங்க, முதல் அஞ்சு நிமிஷம் வழக்கத்தை விட மெதுவாவே மிதிங்க, படபடப்பு எறங்கட்டும், தண்ணி குடிங்க, அப்புறம் பழைய வேகம், அதுக்கு மேல வேணாம். ஹெல்மெட் பக்கிள் போடாம சைக்கிளை ஸ்டாண்ட்ல இருந்து எடுத்தாலும் தண்டனை உண்டு, அவசரத்துல மறக்குறது இதைத் தான்.

ஓட்டத்துல கால் பிடிச்சா நின்னு நீட்டி விட்டுட்டு நடங்க, நடக்கத் தடையே கெடையாது, அடுத்த தண்ணி ஸ்டால் வரைக்கும்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளாதீங்க, நம்ம வெயிலுக்கு உப்பும் சேத்து போகுது, ரத்தத்துல சோடியம் கொறைஞ்சா தலைவலி, வாந்தி, தடுமாத்தம் வரும். வெயில்ல ஓடுறப்பவே உடம்பு சிலிர்க்குது, பேச்சு கொழறுதுன்னா வைராக்கியம் எல்லாம் காட்டாதீங்கய்யா, அங்கயே நிறுத்துங்க, நெழலுக்குப் போங்க, ஒடம்பு பூரா தண்ணி ஊத்தச் சொல்லுங்க.

விலகுறதுன்னு முடிவு பண்ணிட்டா பேசாம பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிடக்கூடாது. நேரம் கணக்குப் பண்ண கால்ல கட்டுன சிப்பைக் கழட்டி நடத்துறவங்க கையில குடுத்து, நம்பரைச் சொல்லிட்டு, அவங்க குறிச்சுக்கிட்டதைப் பாத்துட்டுக் கெளம்புங்க, ஏன்னா கணக்குல ஒரு ஆள் கொறைஞ்சா படகுக்காரங்க உங்களைக் கடல்ல தான் தேடிக்கிட்டு இருப்பாங்க.